பரிசுக்கூடைத் தொழில்: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு மேசையையும் ஒரு அலமாரியையும் ஒதுக்கிக்கொண்டு பரிசுக்கூடை கட்ட ஆரம்பித்தவள் நான். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் ஆரம்பத்தில் நானும் அதிகம் தடுமாறினேன்.

கடையில் கிடைக்கும் பொருள்களை ஒரு கூடையில் அடுக்கித் தருவதற்கு யாராவது கூடுதல் பணம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். காரணம் எளிது. பரிசு வாங்குகிறவருக்கு என்ன வாங்குவதென்று தெரியவில்லை, அல்லது நேரமில்லை, அல்லது கொடுக்கவேண்டியவர் வேறு ஊரில் இருக்கிறார். தேர்ந்தெடுப்பது, அழகாகக் கட்டுவது, சொன்ன நாளில் கொண்டுசேர்ப்பது ஆகிய மூன்று வேலைகளையும் நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அதற்குத்தான் பணம்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பணம் கொடுப்பவர் ஒருவர், கூடையைப் பிரிப்பவர் இன்னொருவர். பல நேரங்களில் பணம் கொடுத்தவர் அந்தக் கூடையைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. பெற்றவர் “நன்றாக இருந்தது” என்று சொன்னால் அவர் நிம்மதியடைவார். பெற்றவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் மனத்தில் உங்கள்மேல் சந்தேகம் விழும். அதனால் கூடையை அனுப்பும் முன் ஒரு படம் எடுத்து, பணம் கொடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி செய்தி அனுப்புங்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு பழக்கத்தால் கிடைத்தவர்கள்.

எவ்வளவு முதல் வேண்டும்?

தொகை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எதில் போடக்கூடாது என்பதைச் சொல்ல முடியும். முதல் மாதமே அலமாரி நிறையப் பொருள் வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதிரிகளை மட்டும் முடிவுசெய்யுங்கள்: சிறியது, நடுத்தரமானது, பெரியது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூடைக்கான பொருளை வாங்கிக் கட்டிப் படமெடுங்கள். அவற்றைக் காட்டி ஆர்டர் எடுத்த பிறகு பொருள் வாங்கினால் போதும். படம் எடுத்து முடிந்த கூடைகளை வீணாக்க வேண்டாம். ஆர்டர் தரக்கூடியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்திருங்கள். பொருளுக்கு இன்றே பணம் கொடுக்கவேண்டும், பெரிய வாடிக்கையாளர் ஒரு மாதம் கழித்துத்தான் தருவார். லாபத்தில் ஓடும் சிறு தொழில்கள்கூட இந்த இடைவெளியில் மூச்சுத் திணறி நின்றுவிடுகின்றன.

எல்லாருக்கும் ஏற்ற கூடை செய்யலாமா, ஒரு பிரிவை மட்டும் பிடிக்கலாமா?

ஒரு பிரிவைப் பிடியுங்கள். “எல்லா விசேஷங்களுக்கும் கூடை” என்று சொல்பவரை யாருக்கும் நினைவிருக்காது. “உடம்பு சரியில்லாதவர்களுக்கு அழகாகக் கூடை கட்டுவார்” என்றால் நினைவிருக்கும். அப்புறம், ஒரு பிரிவில் ஆழமாக இறங்கும்போதுதான் அந்தப் பெறுபவரைப் பற்றிய விவரங்கள் கைவசமாகும். அந்த விவரங்கள் சில நேரம் அழகைவிட முக்கியமானவை. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

குழந்தை பிறந்த வீட்டுக்கான கூடை. தேன் பாட்டில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. போட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கிவிடும், பச்சிளங்குழந்தையின் குடலால் முடியாது. அம்மாவுக்கென்று வைத்தாலும் யாரோ ஒருவர் ஆசையாகக் குழந்தையின் நாக்கில் தடவிவிடலாம். நான் அந்தக் கூடையில் தேன் வைப்பதே இல்லை. மணம் தூக்கலான சோப்பு, லோஷன்களையும் தவிர்க்கிறேன். இந்தக் கூடையில் பெரும்பாலானவர்கள் அம்மாவை மறந்துவிடுகிறார்கள். கூடையில் பாதி அவருக்கானதாக இருக்கட்டும்.

நோயிலிருந்து தேறுபவருக்கான கூடை. மாத்திரை சாப்பிடுபவர் என்று வைத்துக்கொண்டே யோசிக்கவேண்டும். கிரேப்ஃப்ரூட் என்ற பெரிய புளிப்புப் பழமும் அதன் சாறும் கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளின் அளவை உடலில் கூட்டிவிடும். அதை வைக்காதீர்கள். சர்க்கரை நோய் உண்டா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள். மருத்துவமனைக்கு நேராக அனுப்புவதாக இருந்தால் முதலில் அங்கே பேசிக் கேளுங்கள். பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பூவையும் பழத்தையும் உள்ளே விடமாட்டார்கள். அட்டைப் பெட்டியில் புத்தகம், மென்மையான காலுறை, உதட்டுக் களிம்பு, எழுத ஒரு நோட்டு என்று கொடுத்தால் படுக்கையில் இருப்பவருக்கு உண்மையாகவே உதவும்.

செல்ல நாய் வளர்ப்பவருக்கான கூடை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய் இன்னும் ஆபத்து. நாயின் பெயர் போட்ட கூடைக்குள் வளர்ப்பவருக்கென்று சாக்லேட் பெட்டி வைப்பது வேண்டாம்.

எந்தப் பொருள்களை ஒரே கூடையில் சேர்க்கக்கூடாது?

என் முதல் பத்துக் கூடைகளில் ஒன்றில் வாசனைச் சோப்பையும் தேயிலைப் பொட்டலத்தையும் அருகருகே வைத்துச் சுற்றி அனுப்பிவிட்டேன். தேயிலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெற்றவருக்குக் கோப்பை கோப்பையாகச் சோப்பு மணந்தது. அவர் நேரில் சொல்லவில்லை, வாங்கியவர் வழியாகத் தெரியவந்தது. அன்றிலிருந்து சோப்பு, மெழுகுவர்த்தி, வாசனைப் பொருள் ஒரு கூடை, உண்ணும் பொருள் இன்னொரு கூடை என்று பிரித்துவிட்டேன். இரண்டும் வேண்டும் என்று வற்புறுத்தினால், மணமுள்ளதைக் காற்றுப்புகாத தனிப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

சாக்லேட்டுக்குத் தனி எச்சரிக்கை. நல்ல சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளைப் படலம் படியும். சாப்பிடுவதால் தீங்கில்லை, ஆனால் பெறுபவர் பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். வெயில் நாட்களில் நான் சாக்லேட்டுக்குப் பதில் பிஸ்கட், வறுத்த கொட்டை, உலர்பழம் என்று மாற்றிவிடுகிறேன். வண்டிக்குள் மதியம் எவ்வளவு சூடேறும் என்பது உங்கள் கையில் இல்லை.

பழக்கூடை கட்டுபவர்கள் ஆப்பிள், வாழை, பேரிக்காய் மூன்றையும் கவனிக்கவேண்டும். இவை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிட்டுப் பக்கத்துப் பழங்களையும் சீக்கிரம் பழுக்கவைக்கும். கண்ணாடித்தாளால் இறுக்கி மூடினால் அந்த வாயுவும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். தாளில் சில ஓட்டைகள் போடுங்கள், கட்டியது அன்றே போய்ச் சேரட்டும்.

கூடை கடைகளில் பார்ப்பதுபோல நிறைவாகத் தெரியவில்லை. எப்படி அடுக்குவது?

பொருளைக் கூடையின் அடியிலிருந்து அடுக்க ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அப்படி அடுக்கினால் பாதிப் பொருள் விளிம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். கூடையின் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கசக்கிய காகிதத்தாலோ மடித்த அட்டையாலோ நிரப்பிவிடுங்கள். கெட்டியாக இருக்கவேண்டும், கையால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. உணவுப் பொருள் இருக்கும் கூடையில் அச்சடித்த பழைய காகிதம் வேண்டாம், சுத்தமான காகிதமே போடுங்கள். அதன்மேல் மெல்லிய இழையாக நறுக்கிய வண்ணக் காகிதத்தைப் பரப்புங்கள். இப்போது பொருள்கள் விளிம்புக்கு மேலே எழுந்து நிற்கும்.

உயரமானது பின்னால், நடுத்தரம் நடுவில், குட்டையானது முன்னால். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று இரண்டு பக்கமும் அழகாக்க முயலாதீர்கள். மேசைமேல் வைத்தால் ஒரு பக்கம்தான் தெரியும். எல்லா லேபிளும் முன்னோக்கி இருக்கட்டும். கனமான பாட்டிலைப் பின்புறம் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகளால் முட்டுக்கொடுங்கள். ஒரே மாதிரிப் பொருள் பல இருந்தால் மூன்றாகவோ ஐந்தாகவோ சேர்த்து வையுங்கள், இரட்டைப்படையில் வைத்தால் கடை அலமாரிபோல் தோன்றும். குட்டைப் பொருளை உயர்த்த அடியில் ஒரு சின்ன காலிப் பெட்டியை ஒளித்துவைக்கலாம். ஆனால் கண்ணை ஏமாற்றும் அளவுக்குப் போகாதீர்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக் கூடை காகிதம் என்று பெறுபவருக்குத் தோன்றினால், பரிசு கொடுத்தவரின் மானம் போய்விடும். அடியில் ஆழம் குறைந்த கூடையாகவே தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் வராது, நிரப்பும் செலவும் குறையும்.

எல்லாம் அடுக்கிய பிறகு கூடையைக் கைப்பிடியில் தூக்கி லேசாக உலுக்குங்கள். எங்காவது சத்தம் வந்தால் அந்த இடத்தில் காகிதம் போதவில்லை. பிரித்தெடுக்கும்போது பொருளைக் கெடுக்காத ஒட்டுப்புள்ளிகள் கிடைக்கின்றன, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கண்ணாடித்தாளா, ஷ்ரிங்க் ராப்பா?

நேரில் கொடுக்கும் கூடைக்குக் கண்ணாடித்தாள், வண்டியில் போகும் கூடைக்கு ஷ்ரிங்க் ராப். ஷ்ரிங்க் ராப் சூட்டில் சுருங்கிப் பொருள்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஹீட் கன் என்ற, சூடான காற்றை வீசும் கருவி வேண்டும், தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு தடிமனான உறைக்குப் போதாது. காற்றோட்டமான இடத்தில் நின்று, கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே செய்யுங்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை சூடானால் வாடை வரும். பாலியோலெஃபின் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறையில் அந்தத் தொல்லை குறைவு, கிழியாமலும் நிற்கும். சாக்லேட் உள்ள கூடைப் பக்கம் ஹீட் கன்னைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மக்கும் பொருளில் கட்டித் தருகிறேன் என்று விளம்பரம் செய்ய நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பெர்கர் கண்டுபிடித்த உண்மையான செல்லோஃபேன், அதாவது கண்ணாடித்தாள், மரக்கூழிலுள்ள செல்லுலோஸால் ஆனது. இன்று அதே பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சுருளின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு “மக்கும்” என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

விலை எப்படி வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். கடுமையாக உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் தவறியிருக்கிறார்கள்.

எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான், எண்ணை மட்டும் பாருங்கள். உள்ளே வைக்கும் பொருள்கள் 500. கூடை 60. காகிதம், உறை, ரிப்பன், அட்டை எல்லாம் சேர்ந்து 40. உடைவது, காலாவதியாவது ஆகியவற்றுக்காக 20. உங்கள் கூலி 100. ஆக அடக்கம் 720.

கூலி எதற்கு, நான்தானே செய்கிறேன் என்று கேட்பீர்கள். பொருள் வாங்கப் போன நேரம், வாடிக்கையாளரோடு பேசிய நேரம், கட்டிய நேரம் எல்லாம் உங்கள் வாழ்நாளிலிருந்து போனவை. நாளை வேலை பெருகி ஒருவரைக் கூலிக்கு வைத்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? முதல் கூடையிலிருந்தே கூலியைச் சேர்த்துவிடுங்கள்.

சரி, விற்பனை விலையில் 40 சதவீதம் லாபமாக நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 720இன்மேல் 40 சதவீதம் ஏற்றினால் 1008 வரும். அதில் லாபம் 288தான், அதாவது விலையில் சுமார் 28.6 சதவீதம். உண்மையாகவே 40 சதவீதம் நிற்க, 720ஐ 0.6ஆல் வகுக்கவேண்டும். விலை 1200. அடக்கத்தின்மேல் ஏற்றுவதும் விலையில் லாபமாக நிற்பதும் வேறு வேறு கணக்கு. பலர் குழம்புவது இங்கேதான்.

இப்போது பலரும் செய்வதைப் பாருங்கள். பொருள் 500, கூடை 60, மொத்தம் 560, அதன்மேல் 40 சதவீதம், விலை 784. நல்ல லாபம் என்று தோன்றும். உண்மையான அடக்கம் 720 என்பதால் கையில் நிற்பது 64. அந்தக் கூடையை இணையச் சந்தையில் விற்று, அவர்கள் 10 சதவீதம் கழித்துக்கொண்டால் ஏறக்குறைய 14 நட்டம். இப்படி மாதம் முழுவதும் ஓய்வில்லாமல் உழைத்து, ஆர்டர் கூடக்கூட நட்டமும் கூடுகிற நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வேலைத்திறனில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பல கிளைகள் உள்ள பெரிய கடைகளின் விலையோடு போட்டி போடாதீர்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குவதால் அவர்களின் அடக்கமே குறைவு. பெறுபவரின் பெயர், அவருக்குப் பிடித்தது, அவர் தவிர்ப்பது என்று விசாரித்துக் கட்டுவது உங்களால் முடியும், அவர்களால் முடியாது.

பொருள்களை எங்கே வாங்குவது? மொத்த விலையில் கிடைக்க என்ன வழி?

ஆரம்பத்தில் சில்லறை விலையிலேயே சில பொருள் வாங்கவேண்டியிருக்கும், பரவாயில்லை. மொத்த வியாபாரிகள் குறைந்தபட்ச அளவு சொல்வார்கள். அந்த அளவு மூன்று மாதத்தில் தீருமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிறு தயாரிப்பாளர்களை நேரில் அணுகுவது இன்னும் நல்லது. கையால் சோப்பு செய்பவர், மெழுகுவர்த்தி வார்ப்பவர், சின்ன அளவில் பிஸ்கட் சுடுபவர் எல்லாருக்கும் புதிய வாடிக்கையாளர் தேவை. உங்கள் கூடைக்கும் வேறெங்கும் கிடைக்காத பொருள் சேரும். அவர்களிடம் உரிமம் இருக்கிறதா, லேபிள் சரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். நீங்கள் கட்டும் நாளை மட்டும் கணக்கில் வைத்தால் போதாது. பரிசாக வந்ததை மக்கள் உடனே தின்றுவிடுவதில்லை, எடுத்து வைக்கிறார்கள். கூடை போய்ச் சேரும் நாளில் குறைந்தது இரண்டு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கோடு. அலமாரியில் பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால்.

உரிமம் வாங்க வேண்டுமா?

உங்கள் நாட்டின், ஊரின் சட்டத்தைப் பொறுத்தது. உள்ளாட்சி அலுவலகத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் தொடங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று கேள்வி கேட்டால் போதும்: வீட்டிலிருந்து வியாபாரம் செய்யலாமா, சீல் உடைக்காத உணவை விற்க என்ன பதிவு வேண்டும், வரிப் பதிவு எந்த விற்பனை அளவிலிருந்து கட்டாயம். வங்கிக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாக்கெட்டைப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டுத் தரலாமா?

முதலில் வேண்டாம். சீல் பிரித்த நொடியில் நீங்கள் உணவு பொதியிடுபவர் ஆகிவிடுகிறீர்கள். தனி உரிமம், சுத்தமான தனி இடம், சேர்மானம் எழுதிய லேபிள் எல்லாம் தேவைப்படும். நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால் வகைகள் ஆகியவற்றில் ஒன்றின் துணுக்கு பட்டாலே சிலருக்கு மூச்சு அடைத்துவிடும். தயாரித்தவரின் சீலும் லேபிளும் அப்படியே இருந்தால் அந்த விவரம் பெறுபவரின் கண்ணுக்குத் தெரியும்.

மது பாட்டில் வைத்துத் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பெரும்பாலான இடங்களில் தனி உரிமம் இல்லாமல் விற்க முடியாது. கூடையின் ஒரு பகுதியாகக் கொடுத்தாலும் அது விற்பனைதான். பழச்சாற்று பாட்டிலை வைத்துக் கொடுங்கள்.

கூரியரில் அனுப்பினால் கட்டணம் பொருள் விலையைத் தொடுகிறது. என்ன செய்வது?

எடையைவிட அளவுதான் உங்களைப் பாதிக்கிறது. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அதற்குக் கன அளவு எடை என்று பெயர். அதிலும் உண்மையான எடையிலும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். கைப்பிடியுள்ள கூடையை 50, 40, 40 செ.மீ. பெட்டியில் வைத்தால் 80,000 வகுத்தல் 5000, அதாவது 16 கிலோ. உள்ளே இருப்பது 4 கிலோதான், ஆனாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள். அதே பொருள்களை 40, 30, 15 செ.மீ. தட்டைப் பெட்டியில் அடுக்கினால் கன அளவு எடை 3.6 கிலோ ஆகிவிடும். கட்டணம் உண்மையான 4 கிலோவுக்கு மட்டும். அதனால் உள்ளூருக்குக் கூடை, வெளியூருக்கு மூடியுள்ள பரிசுப்பெட்டி என்று இரண்டு வகை வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்ததும் தெரியும் அழகுக்கு உள்மூடியில் ஒரு வண்ணத்தாள், மேலே அட்டை. வாடிக்கையாளர்கள் குறையாகவே நினைக்கவில்லை.

புதிய மாதிரி ஒன்றை முதன்முதலாக அனுப்பும் முன் கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். ஆறு பக்கமும் ஒருமுறை, ஒரு மூலையில் ஒருமுறை. மனம் பதறும், ஆனால் உங்கள் வீட்டில் உடைவது நல்லது. அப்புறம், வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்ப்ரே டப்பா போன்றவை எரியக்கூடியவை என்பதால் விமானத்தில் போகும் பார்சல்களில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவன ஆர்டர் எப்படிப் பிடிப்பது? பிடித்தபின் எதில் கவனமாக இருக்கவேண்டும்?

நேரில் போய் ஒரு மாதிரியைக் கொடுப்பதுதான் வழி. பரிசு வாங்கும் முடிவை எடுப்பவர் பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவிலோ அலுவலக நிர்வாகத்திலோ இருப்பார். பரிசுக் காலத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே போங்கள். கடைசி மாதத்தில் அவர்கள் யாரையாவது முடிவுசெய்திருப்பார்கள்.

ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் எழுத்து வேலையை விட்டுவிடாதீர்கள். எத்தனை கூடை, உள்ளே என்னென்ன, எந்த நாளில், எந்த முகவரிக்கு, ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். பாதித் தொகை அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன். “எங்கள் நிறுவனத்தில் மாதம் கழித்துத்தான் பணம்” என்றால், அட்வான்ஸாவது பொருள் வாங்கும் செலவை மூடும் அளவுக்கு இருக்கவேண்டும். ஒருமுறை நான் வாய்வார்த்தையை நம்பி 60 கூடைக்கான பொருளை வாங்கிவிட்டேன். அவர்கள் எண்ணிக்கையை 35 ஆக்கிவிட்டார்கள். மீந்த பொருளை விற்றுத் தீர்க்கப் பல மாதம் ஆனது.

முகவரிப் பட்டியலை அவர்களே அச்சிடக்கூடிய வடிவில் தரவேண்டும், அதற்குக் கடைசி நாளும் குறிப்பிடவேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் பெறுபவர் உங்களைத்தான் நினைப்பார். நிறுவனச் சின்னத்தைக் கூடையின் பொருள்மேல் அச்சிடாமல் ரிப்பனிலோ அட்டையிலோ அச்சிடுங்கள். ஆர்டர் குறைந்தால் மீந்த பொருளை வேறு கூடைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஒருத்திதான். 200 கூடை ஆர்டர் வந்தால் முடியுமா?

ஒவ்வொன்றாகக் கட்டினால் முடியாது. கூடைக்கு 40 நிமிடம் என்றால் 200 கூடைக்கு 133 மணி நேரத்துக்கும் மேல். வேலையைப் பிரித்து வரிசையாகச் செய்யுங்கள். முதல் நாள் எல்லாக் கூடைக்கும் அடியில் காகிதம் நிரப்புவது. அடுத்து எல்லா அட்டைகளையும் எழுதி முடிப்பது. ரிப்பன் பூக்களை மாலை நேரங்களில் உட்கார்ந்து முன்பே கட்டிவைக்கலாம். கடைசியில் பொருளை அடுக்கிச் சுற்றுவது. இப்படிச் செய்யும்போது எனக்குக் கூடைக்கு 15 நிமிடம் ஆகிறது, மொத்தம் 50 மணி நேரம். ஒரு கூடையை முழுதாகக் கட்டி மேசையின் முனையில் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வருபவர் கேள்வி கேட்கவேண்டியதில்லை, அதைப் பார்த்தே செய்துவிடுவார்.

இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 200 கூடை கட்டி முடித்தபின் அவை நிற்க ஒரு அறை வேண்டும்.

படம் எடுக்க நல்ல கேமரா வேண்டுமா?

கைப்பேசி போதும். சன்னலோரம், பகல் வெளிச்சம், விளக்கை அணைத்துவிடுங்கள். கண்ணாடித்தாள் சுற்றும் முன்பே படமெடுங்கள், சுற்றிவிட்டால் பளபளப்பில் பொருள் தெரியாது. பக்கத்தில் ஒரு கோப்பையோ புத்தகமோ இருந்தால் கூடையின் அளவு புரியும். அளவு புரியாததால் வரும் மனக்குறைதான் அதிகம்.

படத்தில் காட்டிய பொருள் தீர்ந்துவிட்டால்?

ஆர்டர் எடுக்கும்போதே “ஒன்று கிடைக்காவிட்டால் அதே மதிப்பில் அல்லது அதைவிடக் கூடுதல் மதிப்பில் மாற்றி வைப்போம்” என்று எழுதிவிடுங்கள். மாற்றும்போது ஒரு செய்தி அனுப்புங்கள். மலிவான ஒன்றை ஒருபோதும் மாற்றாக வைக்காதீர்கள். கொட்டை இல்லாத கூடை கேட்டவருக்குக் கொட்டை கலந்த பொருள் மாற்றாகப் போய்விடாமல் இருமுறை லேபிளைப் படியுங்கள்.

சீசன் முடிந்த பிறகு வரும் காலி மாதங்களில் என்ன செய்வது?

பிறந்தநாள், புது வீடு, பணி ஓய்வு, குழந்தைப்பேறு எல்லாம் ஆண்டு முழுவதும் வருகின்றன. வாடிக்கையாளர் சம்மதித்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு இரண்டு வாரம் முன்பே நினைவூட்டுங்கள். எனக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதுமானதாக இருக்கிறது. மீதமுள்ள சரக்கில் தேதி நெருங்குபவற்றைப் பரிசாக விற்காதீர்கள். “இந்த மாதத்துக்குள் பயன்படுத்துங்கள்” என்று வெளிப்படையாகச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

வாழ்த்து அட்டையை அச்சிடலாமா, கையால் எழுதவேண்டுமா?

200 கூடைக்கு அச்சு. ஒற்றைக் கூடைக்குக் கையெழுத்து. வாடிக்கையாளர் அனுப்பிய வாசகத்தை அப்படியே எழுதுங்கள், பிழை இருப்பதாகத் தோன்றினால் கேட்டுவிட்டுத் திருத்துங்கள். வீட்டுப் பேச்சில் மட்டும் வழங்கும் செல்லப்பெயர் நமக்குப் பிழைபோலத் தெரியும். விலைச்சீட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டோமா என்று பார்த்தபின், அட்டையை உறையின் வெளியே தெரியும்படி ரிப்பனில் கட்டுங்கள். உள்ளே வைத்துவிட்டால் யார் அனுப்பியது என்று தெரியாமலேயே பெறுபவர் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.